கண்டறியாதவருக்குக் கண்ணீர்

சில கேள்விகளுக்கு நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்கும் போய்விடுகிறோம். வேறு சில கேள்விகள் நம் பின்னாலேயே நடந்து வருகின்றன. 2012ஆம் ஆண்டு டிசெம்பர் மாதக் கடைசியில் கல்முனையில் ஒரு தாய் என்னைக் கேட்ட கேள்வி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அன்று 29ஆம் திகதி, சனிக்கிழமை. மறுநாள் திருக்குடும்பத் திருவிழா. பிரசங்கக் குறிப்பை மேசையில் வைத்துவிட்டு ஒரு சிறு காரியமாகக் கடைத்தெருவுக்குப் போனவன், வழக்கமாகப் பிளேன்ரீ குடிக்கும் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் முஸ்லிம், அன்று அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் தமிழர். சுவரில் உயர மாட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில், அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த நெட்டை மனிதர் ஒருவரின் பழைய படங்கள் வந்து வந்து போயின. டோனி கிரெய்க் சிட்னி நகரில் காலமானார், வயது 66 என்று செய்தி. அடுப்படியில் நின்றவர் கையில் தேத்தண்ணி வடியோடு வெளியே வந்து நின்றுவிட்டார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. ஓர் இளைஞன் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். நான் கண்டதை அவனும் கண்டு, அடுப்புப் புகை என்றான்.

திரும்பும் வழியில் அந்தத் தாயைச் சந்தித்தேன். 2004இல் கடலுக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மூன்று நாளுக்கு முன்னர்தான், 26ஆம் திகதி காலை, கடற்கரையில் பெயர்களை வாசித்து மெழுகுதிரி ஏற்றி, 9.25 மணிக்கு நாடு முழுவதும் அனுஷ்டிக்கும் மௌனத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர். கடையில் கண்டதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது.

“ஃபாதர், நம்மட பிள்ளைகள் போய் எட்டு வருசம். அதுக்கே இன்னும் அழுது முடியல்ல. ஆரோ ஒரு வெள்ளைக்காரன் செத்ததுக்கு ஆம்பிளைகள் கடைக்குள்ள இருந்து கண்ணத் துடைக்கிறாங்களா? இது என்ன அழுகை?”

இது என்ன அழுகை? கேள்வி நியாயமானது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் அந்த ஒரே காலையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழூரும் முஸ்லிம் ஊருமாகப் பாசிமணி போலக் கோத்த கரை இது. ஒவ்வொரு மணியிலும் இழவு. இப்படிப்பட்ட ஊரில், நம் பெயரும் முகமும் அறியாத ஒருவருக்காக விடும் கண்ணீர், சொந்தச் சாவிலிருந்து திருடிய கண்ணீர் அல்லவா என்பது அந்தத் தாயின் வழக்கு. ரசிகர் துக்கம் எவ்வளவு தூரம் தறிகெட்டுப் போகும் என்பதையும் நாம் அறிவோம். 1987 டிசெம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழகத்தில் சிலர் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். வீட்டில் மனைவி மக்கள் இருக்க, திரையில் கண்ட ஒருவருக்காக அப்படிச் செய்வதைத் துக்கம் என்று சொல்ல என் நா எழாது.

ஆனால் தேத்தண்ணிக் கடையில் நான் கண்டது அதுவல்ல. அது என்ன என்பதைச் சொல்லுமுன், அந்த மனிதர் யார் என்பதைச் சொல்லவேண்டும். அவரை அறியாத தாய்மாரும் இளம் பிள்ளைகளும் உங்களில் இருப்பீர்கள்.

கிரெய்க் 1946இல் தென்னாபிரிக்காவின் குயின்ஸ்டவுன் நகரில் பிறந்தவர். தந்தை ஸ்கொட்லாந்துக்காரர். அந்த உரிமையில் இங்கிலாந்துக்கு வந்து, 1972 முதல் 1977 வரை அந்நாட்டுக்காக 58 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். ஓட்டங்கள் 3,599, விக்கெட்டுகள் 141. பதினான்கு போட்டிகளில் அணித்தலைவர். உயரம் ஆறடி ஆறங்குலம். 1977இல் கெரி பாக்கர் என்ற ஆஸ்திரேலிய முதலாளி உலகின் சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கித் தனிப் போட்டி நடத்தப் புறப்பட்டபோது, அவருக்கு இரகசியமாக ஆள் சேர்த்துக்கொடுத்தவர்களில் இவர் முக்கியமானவர். அதனால் தலைமைப் பதவி போயிற்று. காசுக்கு விலைபோனவர் என்றார்கள் சிலர். கூலிக்காரனைப்போல நடத்தப்பட்ட ஆட்டக்காரருக்கு நியாயமான சம்பளம் வாங்கிக்கொடுத்தவர் என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆஸ்திரேலியாவின் சனல் நைன் தொலைக்காட்சியில் வர்ணனையாளராக இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பதினான்கு வயதிலேயே வலிப்பு நோய் கண்டது. மருந்தை உட்கொண்டபடியே இத்தனையும் ஆடினார். நெடுநாள் அதை வெளியே சொல்லாதவர், பிற்காலத்தில் பகிரங்கமாகப் பேசி, அந்த நோயுள்ளவர்களுக்காக உழைத்தார். நம் ஊர்களில் மகளுக்கு வலிப்பு என்றால் கலியாணம் குழம்பிவிடும் என்று மருந்துப் போத்தலையே அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். அவர்கள் இந்த ஒரு செய்திக்காகவாவது அந்த மனிதரின் பெயரை நினைவில் வைக்கலாம்.

சரி, கல்முனைக்கும் அவருக்கும் என்ன? ஒரு காலம் இருந்தது. உலகக் கிரிக்கெட்டில் இலங்கை அணியைப் பெரிய நாடுகள் பொருட்படுத்தாத காலம். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் கண்டித் தமிழ்ப் பிள்ளையான முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டரல் ஹெயார் எறிபந்து என்று மீண்டும் மீண்டும் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டு கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின், உலகக் கிண்ணப் போட்டிக்காக ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அந்த நாட்களில் வெளியார் குரல்களில் ஒன்று நம்மை மனமார நேசித்தது. குட்டையான களுவிதாரண மட்டையைச் சுழற்றும்போது “லிட்டில் களு” என்று அந்தக் குரல் துள்ளும். இலங்கைமேல் அவருக்கிருந்த சாய்வை வைத்துச் சக வர்ணனையாளர் பில் லோரி அவரைச் சீண்டுவதும், இவர் விடாமல் வாதாடுவதும் ஆட்டத்தைவிடச் சுவையாக இருக்கும். பின்னர் நம் நாட்டுச் சுற்றுலாவுக்கும் அவரே முகமாக நின்றார்.

கல்முனையில் எத்தனை பேருக்கு அந்த ஆங்கிலம் விளங்கியது? சொற்பம். சொல் விளங்காதவர்களுக்கும் குரலின் ஏற்ற இறக்கம் விளங்கியது. ஒரு மனிதன் நம்மைப் பார்த்து மகிழ்கிறானா, இரங்குகிறானா, இளக்காரம் செய்கிறானா என்பதை அறிய அகராதி வேண்டியதில்லை. (தமிழிலேயே கேட்ட பாக்கியமும் நமக்கு உண்டு. இந்திய வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் காட்டிய சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் 2020 டிசெம்பரில் மறைந்தபோது, வானொலியைக் காதில் ஒட்டிவைத்து வளர்ந்த ஒரு தலைமுறை இதே மாதிரித்தான் கலங்கியது.)

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் இலங்கை ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. நாடு போரில் எரிந்துகொண்டிருந்த காலம். இந்த வெற்றிக்குக் கைதட்டலாமா கூடாதா என்று தமிழ் வீடுகளில் தகப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதைகள் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். கைதட்டிய பிள்ளைகளையும் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே கடையில் இருந்தவர்களின் துக்கத்தில் நன்றி இருந்தது. நாம் சிறியவர்களாய் இருந்தபோது நம்மை மதித்தவனை மறக்காமல் இருப்பது கடன். கடன் கொடுத்தவருக்கு நம் முகம் தெரியாது என்பதால் கடன் இல்லாமல் போய்விடுமா?

இங்கேதான் என் மனம் வேறொரு திசையில் இடறியது. குருமடத்தில் படித்த காலத்திலிருந்து என்னை விடாத ஒரு பக்கம் உண்டு. புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலில், சிறுவனாய் இருந்தபோது வேர்ஜில் புலவரின் காவியத்தைப் படித்ததை நினைவுகூருகிறார். காதலனால் கைவிடப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட தீதோ அரசிக்காக அவர் அழுதாராம். ஆனால் இறைவனைப் பிரிந்து செத்துக்கொண்டிருந்த தமக்காக ஒரு துளியும் விடவில்லையாம். அந்தத் தாயின் கேள்வியும் இதுவும் ஒன்றுதானே! தூரத்துச் சாவுக்கு அழுவது சுகமாய் இருக்கிறது. தீதோ நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்காக ஒரு நேரச் சோறு குறைவதில்லை, ஒரு பகையை விடவேண்டியதில்லை. சமாரியன் கண்டறியாத ஒருவனுக்காக இரங்கினான் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவன் எண்ணெயும் திராட்சரசமும் இரண்டு தெனாரியமும் செலவழித்தான் என்பதைக் கவனியுங்கள். செலவில்லாத கண்ணீரைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

டோனி கிரெய்க்குக்காக அழுவதற்கு என்ன செலவு? அவரை முழுவதுமாக நினைப்பதுதான் முதல் செலவு. இறந்தோரைப் பற்றி நல்லதன்றி வேறு பேசாதே என்று இலத்தீனில் ஒரு பழைய வாக்கு உண்டு. இறந்தோரை ஏசவேண்டாம் என்று நம் முஸ்லிம் அயலவருக்கும் நபிமொழி உண்டு. ஏசுவது வேறு, உள்ளதை மறைப்பது வேறு. நம் சாவு வீடுகளில் மூன்றாம் நாளுக்குள் எல்லாரும் புனிதராகிவிடுகிறார்கள். குடித்துவிட்டு மனைவியை அடித்தவனும் “தங்கமான மனிசன்” ஆகிவிடுகிறான். அடி வாங்கியவள் மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கிரெய்க்குக்கும் மறைக்கக்கூடிய கணக்குகள் உண்டு. 1974இல் போர்ட் ஒப் ஸ்பெயினில் அன்றைய கடைசிப் பந்து வீசப்பட்டு எல்லாரும் கலையும்போது, மேற்கிந்திய வீரர் அல்வின் காளிச்சரண் கோட்டைவிட்டு நடந்ததைக் கண்டு இவர் பந்தை எறிந்து ஸ்டம்பை வீழ்த்தினார். நடுவர் ஆட்டமிழப்பு என்றார். மைதானம் கொந்தளித்தது. மாலை முழுதும் பேசி, முறையீட்டை மீளப்பெற்று, காளிச்சரண் மறுநாள் மீண்டும் ஆடினார். சட்டத்தில் குற்றமில்லை; நாகரிகத்தில் குற்றம். அதைவிடப் பெரியது 1976. மேற்கிந்தியத் தீவுகள் இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, அவர்களை மண்ணில் தவழ வைக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். சொன்னவர் தென்னாபிரிக்காவில் பிறந்த வெள்ளையர். அங்கே நிறவெறி ஆட்சி கறுப்பு மக்களை மிதித்துக்கொண்டிருந்தது. அந்த யூன் மாதமே சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து அந்த வாயிலிருந்து அந்தச் சொல்! வன்மத்தோடு சொல்லவில்லை, யோசியாமல் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். யோசியாமல் சொல்ல முடிந்ததே ஒரு குற்றம்.

பதில் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் 3-0 என்று வென்றது. விவ் ரிச்சர்ட்ஸ் அந்தத் தொடரில் 829 ஓட்டங்கள் எடுத்தார். கடைசிப் போட்டி லண்டன் ஓவல் மைதானத்தில், ஓகஸ்ட் மாத வெயிலில். மைக்கேல் ஹோல்டிங் 14 விக்கெட் சாய்த்தார். இரண்டு இன்னிங்ஸிலும் கிரெய்க்கின் ஸ்டம்புகளைச் சிதறடித்தார். அந்தப் போட்டியின்போது ஒரு நாள், மேற்கிந்திய ரசிகர்கள் திரண்டிருந்த பக்கத்துக்கு முன்னால், ஆறடி ஆறங்குல உயரமுள்ள அந்த இங்கிலாந்துத் தலைவர் முழங்காலிலும் கையிலும் தவழ்ந்து போனார். கூட்டம் சிரித்து ஆர்ப்பரித்தது.

அது மனஸ்தாபமா, வேடிக்கையா? பல தடவை யோசித்திருக்கிறேன். கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. அதே ஆண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்தபோதும் பார்வையாளருக்கு வேடிக்கை காட்டியே மனங்களை வென்றார். கல்கத்தாவில் காய்ச்சலோடு நின்று 103 ஓட்டங்கள் எடுத்தபோது எதிரணி ஊரே எழுந்து கைதட்டியது. எனவே ஓவலில் தவழ்ந்ததும் ஒரு கூத்து என்று தள்ளிவிடலாம். ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இத்தனை ஆண்டுகள் இருந்தவன் ஒன்று சொல்வேன்: பரிகாரம் செய்யும்போது எல்லாரும் அழுதுகொண்டு செய்வதில்லை. வெட்கத்தை மறைக்கச் சிலர் சிரித்துக்கொண்டு செய்கிறார்கள். பிறருக்கு என்று சொன்ன தண்டனையை ஆயிரக்கணக்கானோர் முன் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது மட்டும் நிச்சயம். பின்னாளில், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் ஒப்புக்கொண்டார். அவமதித்த சின்ன நாட்டவரை மதிக்கக் கற்றவர்தான் இருபது ஆண்டுகளுக்குப் பின் நம்மையும் மதித்தார் என்று நான் எண்ணுவதுண்டு. அது என் எண்ணம். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

1976ஐ விட்டுவிட்டு 1996ஐ மட்டும் வைத்து அழுதால், நாம் அழுவது தீதோவுக்குத்தான். நாமே கட்டிக்கொண்ட ஒரு பொம்மைக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டு அழ முடிந்தால் அது ஒரு மனிதனுக்காக விட்ட கண்ணீர்.

இவ்வளவும் யோசித்தேனே தவிர, அந்தத் தாயிடம் போய்ச் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளை இழந்தவரிடம் அகுஸ்தீனாரைக் கொண்டு போவதற்கு எனக்குத் துணிவில்லை. புது வருடம் பிறந்தது. ஜனவரி 3ஆம் திகதி சிட்னியில் ஆஸ்திரேலியாவும் இலங்கையும் டெஸ்ட் ஆடத் தொடங்கின. ஆட்டத்துக்கு முன் இரு அணியினரும் அவருக்காக மௌனமாக நின்றனர். அந்த வாரத்தில் ஒரு நாள் மீண்டும் அதே கடைக்குப் போனேன். கூட்டமில்லை. கடைக்காரரிடம், “என்ன காக்கா, அண்டைக்கு அப்படி நிண்டிட்டீங்க?” என்று கேட்டேன். கிரிக்கெட்டில் பெரிய ஈடுபாடு உள்ளவரென்று அவரைப் பற்றி நான் எண்ணியதே இல்லை.

மேசையைத் துடைத்தபடி சொன்னார்.

“எனக்கு இந்த மட்டை விளையாட்டு ஒண்டும் தெரியா ஃபாதர். மகன்தான் பைத்தியம். கடற்கரையில தென்னமட்டைய வெட்டி வச்சிக்கிட்டு, அவனே அடிச்சி, அவனே அந்த வெள்ளக்காரன் மாதிரிக் கத்துவான். லிட்டில் களு, லிட்டில் களு எண்டு. வீட்டுக்குள்ளயும் அதுதான். உம்மா ஏசுவா. பதினொரு வயசு. சுனாமியில மௌத்து. அதுக்குப் பொறகு ரீவியில அந்த மனிசன்ட குரல் கேக்கக்குள்ள எல்லாம் எனக்கு மகன்ட சத்தம் கேக்கும். ஆட்டம் பாக்கமாட்டன், சத்தத்த மட்டும் கூட்டி வைப்பன். இனி அதுவும் இல்ல.”

எட்டு ஆண்டுகளாக அவர் கடையில் பிளேன்ரீ குடித்துவருகிறேன். அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வாசகரே, இதில் என் தவறு உண்டு. இந்தக் கரையில் நாங்கள் அவரவர் சாவை அவரவர் வேலிக்குள் வைத்துக்கொண்டோம். 1990ஆம் ஆண்டில் தமிழரும் முஸ்லிம்களும் இழந்த உயிர்களைப் பற்றி இரு பக்கத்தாரும் ஒரே மேசையில் இருந்து பேசியதை நான் கேட்டதில்லை. கடல் எடுத்தவர்களுக்குக்கூட நாங்கள் எங்கள் பட்டியல், அவர்கள் அவர்களுடைய துஆ. இரு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒருவர் சிட்னியில் இறந்தபோதுதான் அந்தக் கடையில் இருந்தவர்கள் சேர்ந்து ஒரு நிமிடம் வாய் மூடி நின்றார்கள். அந்த மௌனத்துக்குள் யார் யாருக்காக நின்றார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

இதை மட்டும் அந்தத் தாயிடம் போய்ச் சொன்னேன். என் யோசனைகளைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “பதினொண்டா? என்ட மூத்தவனுக்கும் பதினொண்டுதான்” என்றார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்தபோது வாசல்வரை வந்து, “அந்தப் பிள்ளைட பேர் என்ன எண்டு கேட்டீங்களா?” என்றார்.

நான் கேட்கவில்லை.

“கேளுங்க. வாற வருசம் கடற்கரையில பேர் வாசிக்கக்குள்ள அந்தப் பேரையும் வாசிங்க.”

கடைக்காரர் அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குத் தயக்கம். மெழுகுதிரியும் சிலுவையும் உள்ள இடத்தில் தம் மகனின் பெயர் வாசிக்கப்படுவதை ஒரு முஸ்லிம் தகப்பன் விரும்பாமல் இருக்க அவருக்குச் சகல உரிமையும் உண்டு. இரண்டு மாதம் கடத்தினேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வேண்டாமென்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். இடியப்பத் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. போகலாமா என்று நான் எழுந்தபோது, பழைய பத்திரிகைத் துண்டொன்றையும் காதில் செருகியிருந்த பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“வாப்பாட பேரையும் சேத்துத்தானே வாசிப்பீங்க?” என்று கேட்டார்.